மாந்தோப்பில் முந்நூறு வாசல்கள்

முன்னொரு காலத்தில், மழை பெய்தால்கூட மன்னர் உத்தரவுப்படிதான் பெய்தது என்று எழுதிவைக்கிற ஓர் அரண்மனை இருந்தது. அந்த அரண்மனையின் மன்னர் கெட்டவர் அல்ல. எங்காவது பசி என்று கேள்விப்பட்டால் கண் கலங்குவார். கலங்கிய கண்ணைத் துடைத்த கையோடு அவருக்கு ஏதாவது வேடிக்கை வேண்டும். அதற்கென்றே சபையில் ஒரு விகடகவியை வைத்திருந்தார். பெயர் மருதையன்.

மருதையன் மெத்தையில் வளர்ந்தவன் அல்ல. செங்கற்பேட்டை என்ற நகரத்தின் சூளைகளில் செங்கல் சுமந்தவன். பன்னிரண்டு கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு பலகைமேல் ஏறும்போதும் அவன் வாய் சும்மா இருக்காது. முன்னால் போகிறவனைக் கிண்டல் செய்வான், பின்னால் வருகிறவளைச் சிரிக்க வைப்பான், கங்காணியைப் போல நடந்து காட்டுவான். சிரித்தால் கழுத்து வலி தெரியாது. அவ்வளவுதான் காரணம். வேட்டைக்குப் போன மன்னர் ஒருநாள் அந்த வழியாக வந்து, அவன் பேச்சைக் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்து, கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து மருதையனுக்குக் கழுத்து வலி விட்டது. சபையில் பலருக்கு வயிற்றெரிச்சல் தொற்றிக்கொண்டது. அதிகம் எரிந்தது தானாதிகாரி வரகுணருக்கு. அரசாங்க உதவிகளை எடுத்துப்போய்க் கொடுக்கிற பெரிய பதவி அவருடையது. ஊரே தன்னைக் கும்பிடுகிறது, மன்னர் மட்டும் செங்கல் சுமந்தவன் பக்கமே திரும்பி உட்காருகிறாரே என்பது அவர் குறை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் வந்தது. மன்னர் நெல் அனுப்பினார். கொடுத்துவிட்டுத் திரும்பிய வரகுணர் சபையில் முறையிட்டார்.

"மகாராஜா, ஒரே ஆள் தலைப்பாகையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு மூன்று முறை வரிசையில் நின்று வாங்கியிருக்கிறான். இதற்கொரு வழி சொல்லியருள வேண்டும்."

மன்னர் மருதையனைப் பார்த்தார். மருதையன் எழுந்தான்.

"அரசே, ஆளைப் பார்த்துக் கொடுத்தால் ஆள் நடந்து அடுத்த வரிசைக்குப் போவான். வாசலைப் பார்த்துக் கொடுங்கள். எந்த வாசலாவது நடந்துபோய் இரண்டாம் முறை நின்றதைத் தானாதிகாரி பார்த்திருக்கிறாரா?"

சபை உருண்டு புரண்டது. மன்னர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுத்தரைக் கூப்பிட்டார். அந்த மன்னரிடம் இருந்த ஆபத்து அதுதான். மாலைக்குள் அந்த வேடிக்கைப் பேச்சு செப்பேட்டில் சட்டமாக ஏறிவிட்டது: 'இனி அரசு உதவி எதுவாயினும், குடும்பத்தார் தமக்குச் சொந்தமான நிலைவாசலில், தலைக்கு மேல் மரமும் காலுக்குக் கீழ் படியும் இருக்க, நின்று பெறுக. வாசல் இல்லாதவர்க்கு உதவி இல்லை.'

மருதையன் அன்று யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. சிரிப்பு எங்கே வரும் என்று மட்டும் பார்த்துச் சொன்னான். சாப்பிட்டான், தூங்கினான், மறந்தும் போனான்.

இந்த வருடம் வைகாசியில், உச்சி வேளையில், செங்கற்பேட்டைக்கு மேற்கே வானம் கரித்தூளாகக் கறுத்தது. கறுப்பிலிருந்து ஒரு தூண் கீழே இறங்கியது. இறங்கிய தூண் சுழன்றது. சுழன்றுகொண்டே நடந்து வந்தது. ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரத்துக்குள் நகரத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறிவிட்டது. நுழைந்தபோது அங்கே முந்நூற்று நாற்பத்தைந்து வீடுகள். வெளியேறியபோது கருங்கல்லில் கட்டிய நான்கு வீடுகள் மட்டும். மண்சுவர் வீடுகள் மண்ணாயின. கூரை, பானை, கன்றுக்குட்டி, தொட்டில் எல்லாம் மேலே போயின. வீட்டு நிலைவாசல்களில் பெரும்பாலானவை சுவரிலிருந்து பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கப்பட்டுக் கிழக்கே பறந்தன.

செய்தி கேட்டு மன்னர் கண் கலங்கினார். நாற்பது வண்டி நெல், மூங்கில், துணி என்று அன்றே உத்தரவிட்டார். வரகுணர் வண்டிகளோடு போனார். மருதையனுக்கு அந்த ஊரில் ஓர் அக்கா, ஒச்சம்மா. அவள் புருஷன் சன்னாசி. "வண்டி போய்விட்டது, பிழைத்துக்கொள்வார்கள்" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஏழாம் நாள் வண்டிகள் திரும்பி வந்தன. மாடுகள் நாக்கைத் தள்ளிக்கொண்டு இழுத்தன. வெறும் வண்டியை மாடு அப்படி இழுக்காது. சுமை சுமந்து வளர்ந்த மருதையனுக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

"வரகுணரே, வண்டிகள் ஏன் நிறைந்து வருகின்றன?" என்று கேட்டார் மன்னர்.

"மகாராஜா, அங்கே ஆட்கள் நிறைய இருந்தார்கள். வாசல்தான் இல்லை. கருங்கல் வீட்டுக்காரர்கள் நால்வர் மட்டும் முறைப்படி தம் வாசலில் நின்றார்கள். அவர்களுக்குக் குறைவின்றி வழங்கினேன். எண்ணெய் வணிகர்தான், வைக்க இடமில்லை என்று சற்றுச் சலித்துக்கொண்டார். மற்றவர்கள் வெட்டவெளியில் நின்றார்கள். சிலர் விழுந்துகிடந்த நிலையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் என்றார்கள். கையில் பிடித்தது வாசல் ஆகுமா? சட்டம் சட்டம்தானே. அதுவும் நம் விகடகவியின் திருவாய் மலர்ந்த சட்டம்."

சபையில் இரண்டு மூன்று பேர் வாய்க்குள் சிரித்தார்கள். மருதையன் எழுந்தான். எப்போதும்போல் தோளைக் குலுக்கவில்லை, கண்ணைச் சிமிட்டவில்லை.

"அரசே, அன்று நான் விளையாட்டாகச் சொன்னது. வாசல் இல்லாதவன்தான் அதிகம் இழந்தவன். அவனுக்கு இல்லை என்று சொல்கிற சட்டம் தவறு. என் தவறு. அதை எடுத்துவிடுங்கள். என் அக்கா அங்கே இருக்கிறாள். எல்லாரும் பட்டினி கிடக்கிறார்கள்."

மன்னர் முகம் சுளித்தார். "என்ன மருதையா, இன்று உன் பேச்சில் உப்பே இல்லையே. ஒரு காற்று அடித்ததற்காகச் செப்பேட்டை அழித்தால் நாளை தூறலுக்கும் அழிக்கச் சொல்வார்கள்."

வரகுணர் சமயம் பார்த்துக் குனிந்தார். "மகாராஜா, பிறர்க்கு ஆகும்போது சட்டம், தம் ஊருக்கு வலித்தால் விளையாட்டு என்கிறார் விகடகவி. அவரே வண்டிகளைக் கொண்டுபோகட்டும். சட்டத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் வழங்கிக் காட்டட்டும். ஒரு படி நெல் வாசல் இல்லாத கைக்குப் போனாலும், அந்தச் சட்டத்தைச் சொன்ன நாக்கை அவர் இங்கே விட்டுச்செல்லட்டும்."

மன்னரின் முகம் மலர்ந்தது. இதில் வேடிக்கை இருந்தது. "நன்று! மூன்று நாள் தருகிறேன் மருதையா. சட்டமும் உடையக்கூடாது, வண்டியும் காலியாக வேண்டும். முடியாவிட்டால் நெல் களஞ்சியத்துக்குத் திரும்பும், உன் நாக்கு எனக்கு."

மருதையன் வண்டியோடு புறப்பட்டான். வழியெல்லாம் அவன் யாரையும் கிண்டல் செய்யவில்லை. வண்டிக்காரர்கள் அவனுக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

செங்கற்பேட்டையில் அவனை முதலில் பார்த்தவன் வீரணன். சூளையில் ஒன்றாகச் சுமந்த சேக்காளி. இடிந்த சுவர்மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கவில்லை.

"வாங்க, ஆஸ்தான விகடகவி! வாசல்ல நின்னு வரவேற்கணும். என்ன பண்ண, வாசலத்தான் காணோம்!" திரும்பி மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். "ஏய், சோத்துக்கு வாசல் கேட்ட மகராசன் வந்துட்டாரு. எல்லாரும் சிரிங்கப்பா!"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "போன தடவ மாதிரி வண்டியக் காட்டிட்டுப் போகவா வந்தே?" என்றாள்.

"அக்கா எங்கடா?" என்று கேட்டான் மருதையன்.

வீரணனின் குரல் இறங்கியது. "களிமண் குழிக்கிட்ட. போய்ப் பாரு."

ஒச்சம்மா குழியோரம் உட்கார்ந்து, கிடைத்த ஒரு சட்டியின் உடைந்த விளிம்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மாமா எங்கக்கா?"

"போயிட்டாரு."

அவளே மேற்கொண்டு சொன்னாள். கூலிக்குப் போன இடத்தில் என்ன வேலை நடந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"செவரு இடுப்புல விழுந்துச்சு. ஆறு நாளு கெடந்தாரு. அஞ்சாம் நாளு வண்டிச் சத்தம் கேட்டுச்சு. ராசா நெல்லு வந்துருச்சுன்னேன். 'கஞ்சி வையி புள்ள, குடிச்சிட்டு எந்திரிக்கிறேன்'னாரு. நானும் ஓடுனேன். வாசல் எங்கேன்னாங்க. நெலை சாஞ்சு கெடக்கு, வந்து பாருங்கன்னேன். சாஞ்ச நெலையில எப்பிடி நிப்பேன்னாங்க. வண்டி திரும்புற சத்தத்தையும் அவருதான் மொதல்ல கேட்டாரு. மறுநா போயிட்டாரு."

"அக்கா..."

"எரிக்க ஊருல ஒரு சுள்ளி இல்ல. எல்லாத்தையும் காத்து வாரிட்டுப் போயிருச்சே. நம்ம நெலைய வெட்டித்தான் எரிச்சேன். நல்ல வேம்பு. நின்னு எரிஞ்சுச்சு."

மருதையன் மண்ணில் உட்கார்ந்தான். "அந்தச் சட்டம் நான் சொன்னதுக்கா."

"தெரியும். அந்தக் கதை இங்க வந்தப்ப ஒம் மாமாதான் சூளை சூளையாப் போயிச் சொன்னாரு. எம் மச்சான் மூளையப் பாருங்கடான்னு. நானுந்தான் சிரிச்சேன். ஒன்னய மட்டும் என்னத்தச் சொல்றது." சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இப்பயாவது குடுப்பியா, மாட்டியா? அதச் சொல்லு. புள்ளைக மாங்கொட்டையச் சப்பிட்டுத் திரியுதுக."

"மாங்கொட்டையா? இங்க ஏது மாமரம்?"

பின்னாலேயே வந்து நின்ற வீரணன் பதில் சொன்னான். "கிழக்க இருக்குல்ல தானாதிகாரி தோப்பு. காத்து அதுகிட்டப் போயித்தான் அடங்குச்சு. நம்ம நெலைக எல்லாம் அங்கதான் விழுந்து கெடக்கு. எடுக்கப் போனோம். காவக்காரன் வெரட்டுறான். தோப்புக்குள்ள விழுந்தது தோப்புக்காரருக்குத்தான் சொந்தமாம். எல்லாத்தையும் அடுக்கி வச்சிருக்கான், அவுகளுக்கு மாட்டுக் கொட்டகை கட்ட. மாங்கொட்டைய மட்டும் செவத்துக்கு மேல வீசுறான், புண்ணியவான்."

மருதையன் நிமிர்ந்தான். "நிலையில குறி இருக்குமே?"

"இருக்காம?"

செங்கற்பேட்டையில் அப்படி ஒரு வழக்கம். கல் அறுக்கிற அச்சு ஒவ்வொன்றிலும் அந்தந்தக் குடும்பத்துக் குறி வெட்டியிருக்கும். ஒரு வீட்டுக்குச் சீப்பு, ஒரு வீட்டுக்குத் தேள், ஒரு வீட்டுக்குப் பிறை. அறுக்கிற கல்லில் எல்லாம் அது விழும். கல் வெடித்தால் யார் கல் என்று பார்த்துக் கங்காணி கூலியைப் பிடிப்பதற்காக வைத்த குறி அது. அவமானத்துக்கு வைத்ததை அந்த ஜனங்கள் கௌரவமாக்கிக்கொண்டார்கள். அதையே வீட்டு நிலையின் மேல்மரத்திலும் வெட்டிவைத்தார்கள்.

மருதையன் எழுந்து கிழக்கே திரும்பினான். "வீரணா, நிலைய நிறுத்தி ரெண்டு பக்கமும் கல் வச்சுக் கட்ட எத்தனை பேருக்குத் தெரியும்?"

"மதி கெட்டுப்போச்சாடா ஒனக்கு? செங்கற்பேட்டையில வந்து கேக்குற கேள்வியா இது?"

"அப்ப எல்லாரும் ஆளுக்கு முடிஞ்ச கல்லத் தலையில ஏத்துங்க."

மறுநாள் விடிந்ததும் செங்கற்பேட்டை முழுவதும் தலையில் செங்கல்லோடு மாந்தோப்பின் வழியில் நடந்தது. காவல்காரன் தடியை நீட்டி நின்றான்.

"நில்லுங்கய்யா! இது யாரு தோப்பு தெரியுமா? தானாதிகாரி தோப்பு!"

"தெரிஞ்சுதானப்பா தானம் வாங்க வந்திருக்கோம்" என்றான் மருதையன். மன்னரின் முத்திரை ஓலையைக் காட்டினான். "அவங்கவங்க வாசல்ல நின்னு வாங்கணும்னு ராஜா உத்தரவு. வாசல் உள்ள கெடக்கு. தன் வாசலுக்குப் போறவன ஒங்க ஊர்ல தடி வச்சுத்தான் மறிப்பீங்களா?"

காவல்காரன் முத்திரையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், ஒவ்வொரு தலையிலும் இருந்த கல்லைப் பார்த்தான். வழிவிட்டான்.

நிலையை யாரும் வெளியே எடுக்கவில்லை. அதுதான் மருதையன் சொல்லிவைத்த முதல் சொல். குறியைப் பார்த்து அவரவர் நிலையைப் பொறுக்கினார்கள். மாமரங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் கல்லும் களிமண்ணும் வைத்துத் தோள் உயரத்துக்குத் தூண் எழுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் தோப்பு முழுக்க வாசல்கள். சுவர் இல்லை, கூரை இல்லை, வீடே இல்லை. முந்நூறு நிலைவாசல், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். பழக்கத்தை விட முடியாத பெண்கள் வாசலுக்கு முன்னால் மாவிலையால் கூட்டிச் சாணி தெளித்துவிட்டார்கள்.

காவல்காரன் தலைநகருக்கு ஓடினான். வரகுணர் மன்னரிடம் ஓடினார். மூன்றாம் நாள் காலையில் மன்னரே பல்லக்கில் வந்து இறங்கினார்.

"மகாராஜா, பாருங்கள் இந்த அநியாயத்தை! என் தோப்பில் ஒரு ஊரையே குடியேற்றிவிட்டான். சட்டத்தைக் கேலிக்கூத்தாக்கிவிட்டான்" என்று வரகுணர் மூச்சிரைத்தார்.

மன்னர் மரங்களுக்கிடையே வாசல் வாசலாக நின்றதை வாய் பிளந்து பார்த்தார். பக்கத்து வாசலை நெருங்கினார். அங்கே நின்ற கிழவர் பதறி ஒதுங்கி, "உள்ள வாங்க சாமி" என்றார். மன்னரும் தலையைக் குனிந்து, படியைத் தாண்டி உள்ளே போனார். உள்ளே போய் நின்ற பிறகுதான் அங்கேயும் அதே தோப்பு, அதே வானம் என்று தெரிந்தது. "உட்கார ஒண்ணுமில்ல சாமி, கோவிச்சுக்காதீங்க" என்றார் கிழவர். மன்னரின் தொந்தி லேசாகக் குலுங்க ஆரம்பித்தது.

"மருதையா, என்ன இது?"

"சட்டம் அரசே. தலைக்கு மேல் மரம், காலுக்குக் கீழ் படி, நடுவில் குடும்பம். கையால் பிடிக்கவில்லை, கல் வைத்துக் கட்டியிருக்கிறது. வாசல் இருக்க வேண்டும் என்றுதான் செப்பேட்டில் இருக்கிறது. வீடு இருக்க வேண்டும் என்று இல்லை. வாசல் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. காற்று இங்கே கொண்டுவந்து வைத்தது. நாங்கள் தேடி வந்தோம்."

"பொய்!" என்றார் வரகுணர். "இவை எந்த ஊர் மரமோ! இவர்களுடையவை என்பதற்குச் சாட்சி என்ன?"

"தானாதிகாரியின் மதில்தான் சாட்சி" என்றான் மருதையன். "அரசே, இந்தத் தோப்பு மதில் செங்கற்பேட்டைக் கல்லில் கட்டியது. தாங்கள் குனிந்து பார்க்க வேண்டும்."

மன்னர் மதிலோரம் குனிந்தார். காரை உதிர்ந்த இடத்தில் ஒரு கல்லில் தேள். அடுத்ததில் சீப்பு. அதற்கடுத்ததில் பிறை. மன்னர் தேளைக் கையால் தடவினார். திரும்பிப் பார்த்தார். நேர் எதிரே நின்ற நிலையின் மேல்மரத்திலும் அதே தேள். அதன் கீழே கையைக் கட்டிக்கொண்டு வீரணன்.

"உன் வீட்டுக் குறியா?"

"ஆமாஞ் சாமி. அந்தக் கல்லு எங்க ஐயா அறுத்தது. இந்த மதிலுக்கு இன்னும் கூலி வரல." அதைக் கேட்டு மன்னர் வரகுணரைப் பார்த்தார். வரகுணர் மாமரத்தைப் பார்த்தார்.

மருதையன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பணிவாகக் குனிந்தான். "ஆனாலும் அரசே, தானாதிகாரியின் காவல்காரர் வேறு மாதிரி சொல்கிறார். தோப்புக்குள் விழுந்தது தோப்புக்காரருக்கே சொந்தம் என்கிறார். அதுவும் நியாயமாகவே இருக்கலாம். தானாதிகாரியே சொல்லட்டும். வாசல்கள் இவர்களுடையவை என்றால் இன்றே உதவியைக் கொடுத்துவிடலாம். இல்லை, தம்முடையவை என்றால், சொந்த வாசலில் நின்று பெறுவது அவர் உரிமை. முந்நூறு வாசலிலும் முந்நூறு முறை அவரே நின்று கை நீட்டட்டும். 'காற்றில் வீடிழந்து கதியற்ற வரகுணர்' என்று முந்நூறு முறை எழுத்தர் எழுதிக்கொள்வார். ஒரே ஆள் மூன்று முறை வாங்கியதற்கே சட்டம் போட்ட ராஜ்யம் இது. முந்நூறு முறைக்கு என்ன போடுவது என்று அரசர்தான் யோசிக்க வேண்டும்."

மன்னர் வெடித்தார். மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்லக்குத் தூக்கிகள் சிரித்தார்கள். காவல்காரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"சொல்லும், கதியற்ற வரகுணரே! யாருடைய வாசல்கள்?"

"இவர்களுடையவைதான், மகாராஜா" என்றார் வரகுணர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்படியானால் உம் கையாலேயே வழங்கும். நிலைகளையும் உம் வண்டியில் ஏற்றி ஊரில் சேர்த்துவிடும்."

நெல் இறங்கியது. வாசல் வாசலாகப் போய் வரகுணர் குனிந்து அளந்தார். மன்னருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. மருதையன் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றான். மூன்று வருடத்துக்கு முன் கேட்ட அதே சிரிப்பு. அன்று அது இனித்தது.

"அரசே, இன்னும் முடியவில்லை" என்றான். "மதிலுக்கு வெளியே நாற்பத்தொரு குடும்பம் நிற்கிறது. நிலை உடைந்து போனவர்கள், கிடைக்காதவர்கள். ஒருத்தி நிலையை வெட்டிப் புருஷனை எரித்தவள். சட்டப்படி அவர்களுக்கு வழியில்லை. எனக்கு இதற்கு மேல் தந்திரம் தெரியவில்லை."

மன்னர் கண்ணைத் துடைத்தார். சிரித்த ஈரமா, வேறா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "கொடு. அவர்களுக்கும் கொடு. அந்தச் சட்டம் இன்றோடு ஒழிந்தது. அட மருதையா, இதை முதல் நாளே சபையில் நேராகச் சொல்லியிருந்தால் அப்போதே நீக்கியிருப்பேனே!"

"சொன்னேன் அரசே. அன்று சிரிப்பு வரும்படி சொல்ல வரவில்லை."

மன்னர் அரைக் கணம் அவனையே பார்த்தார். பிறகு, "இதுவும் நன்று!" என்று மறுபடி சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இன்னும் ஏதாவது கேள். தருகிறேன்."

"ஒன்று வேண்டும் அரசே. இனி நான் சொல்கிற எதையும் செப்பேட்டில் ஏற்றக்கூடாது."

மன்னர் இதற்குத்தான் அதிகம் சிரித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, எழுத்தரைப் பார்த்துக் கையசைத்தார். "எழுத்தரே! இதை உடனே செப்பேட்டில் ஏற்றும்!"

அரண்மனைக்காரர்கள் இந்தக் கதையைச் சொன்னால் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். சிரிப்பும் பரிசும் வந்துவிட்டது, போதும் என்பார்கள். ஆனால் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மதிலுக்கு வெளியே நாற்பத்தொரு குடும்பமும் வரிசையில் நின்று வாங்கின. ஒச்சம்மாவின் முறை வந்தது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வண்டிக்காரன் நகர்ந்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓர் ஆளுக்கு அது அதிகம். இரண்டு பேருக்கென்றால் சரியாக இருக்கும்.

மருதையன் அருகே வந்தான். கழுத்தில் மாலை கிடந்தது.

"ராசா சிரிச்சாராடா?"

"சிரிச்சாருக்கா."

"சட்டத்த எடுத்துட்டாங்களாம்ல. வீரணன் சொன்னான்."

"எடுத்துட்டாங்க."

"பத்து நாளு முந்தி எடுத்திருக்கலாம்" என்றாள். குற்றம் சொல்லவில்லை. மழை பத்து நாள் முந்தி வந்திருக்கலாம் என்பதுபோலச் சொன்னாள்.

அவன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். பன்னிரண்டு கல்லோடு பலகை ஏறும்போதும், மன்னர் கோபத்தில் இருக்கும்போதும் நிற்காத வாய். அன்று அதற்குள் ஒன்றுமே இல்லை. கண் மட்டும் நிறைந்தது.

ஒச்சம்மா பார்த்தாள். "அழுவுறதா இருந்தா மூட்டைய ஏத்தி விட்டுட்டு அழு. நெல்லு நனையப் போகுது."

அவன் குனிந்து மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். அவள் கழுத்தை ஒருமுறை அசைத்துச் சுமையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். தோப்புக்குள் இன்னும் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் சுமை இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மருதையன் அவளுக்குப் பின்னாலேயே ஊர் வரைக்கும் நடந்தான்.